ராஜாவுக்கு 70, பிள்ளைக்கு 2

ஓசூரில் பெங்களூர் பஸ் பிடித்தால், டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணுவதற்குள் ஒரு மாநிலம் முடிந்துவிடும். ஜூஜூவாடி தமிழ்நாடு. கொஞ்சம் தள்ளி அத்திப்பள்ளி, கர்நாடகம். கடை போர்டுகளில் எழுத்து மாறும், அவ்வளவுதான். டீ அதே டீ. பேசுகிறவர்களும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து கட்டித்தான் அடிப்பார்கள்.

இந்த எல்லைக்கோட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்ட வருடம் 1799. மே 4ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அவருடைய நாட்டைக் கம்பெனிக்காரர்கள் பாகம் பிரித்தார்கள். கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகால் 1792லேயே அவர்கள் கைக்குப் போயிருந்தது. ஓசூர்ப் பகுதி 1799ல் போனது. நடுவில் மிச்சமிருந்த மைசூரை என்ன செய்வது? பழைய உடையார் வம்சத்தில் ஒரு வாரிசைத் தேடிப்பிடித்து உட்கார வைப்பது என்று முடிவானது.

தேடினார்கள். கிடைத்தான். அப்போது அவனுக்கு ஐந்து வயது கூட முழுசாக ஆகவில்லை.

ஓசூரைப் பிரித்த கோடும் அந்தச் சிறுவனின் சிம்மாசனமும் ஒரே வருடத்துச் சரக்கு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுவன் பிற்காலத்தில் எழுபது வயதுக் கிழவராகி, இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைத் தத்து எடுத்தார். எடுத்துவிட்டு, அது என் பிள்ளைதான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி லண்டன் வரை மல்லுக்கட்டினார். வயதான காலத்தில் தத்தெடுக்கலாமா கூடாதா என்று நம் வீடுகளில் இன்றைக்கு நடக்கிற விவாதத்துக்கு, எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய கேஸ் கிடையாது.

முதலில் அந்தச் சிறுவனை வளர்த்தது யார் என்று பார்த்துவிடுவோம். அங்கேயும் ஒரு தத்து இருக்கிறது.

இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி லட்சுமி அம்மண்ணி. கணவர் பெயருக்குத்தான் ராஜா. அதிகாரம் முழுக்க ஹைதர் அலியிடம் போய்விட்டிருந்தது. 1766ல் கணவர் இறந்தார். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பட்டத்துக்கு வந்து அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். 1776ல் சிம்மாசனம் காலி. ஹைதர் என்ன செய்தார் தெரியுமா? அரச வம்சத்துக் கிளைக் குடும்பங்களின் சின்னப் பையன்களை எல்லாம் ஒரு கூடத்துக்கு வரவழைத்தார். கூடம் நிறையப் பழம், மிட்டாய், பூ, பொம்மை, ஆயுதங்கள் இறைத்து வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பாய்ந்து எடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் வலது கையில் குறுவாளையும் இடது கையில் எலுமிச்சம்பழத்தையும் எடுத்தானாம். 'இவன்தான் ராஜா' என்று ஹைதர் சொல்லிவிட்டார். மைசூர் சரித்திரம் எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிற கதை இது. கொஞ்சம் மசாலா கலந்திருக்கலாம். ஆனால் பையன் தேர்வானது நிஜம். ராஜ குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாக, லட்சுமி அம்மண்ணியின் மகனாக வந்து சேர்ந்தான். பெயர் சாமராஜ உடையார்.

அவரும் 1796ல் அம்மை கண்டு இறந்துபோனார். திப்பு அதற்குப் பிறகு பொம்மை ராஜா கூட வேண்டாம் என்று விட்டுவிட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது. குடும்பத்தை ஒரு சின்ன வீட்டுக்குத் துரத்தினார்கள். அங்கே சாமராஜாவின் இரண்டு வயது மகனை லட்சுமி அம்மண்ணி பார்த்துக்கொண்டார். கணக்குப் பாருங்கள். பையன் அவருக்கு ரத்த உறவில்லை. தத்து மகனின் மகன். அந்த அம்மாளுக்கோ ஐம்பதுக்கு மேல் வயது. சும்மா வளர்த்துக்கொண்டும் இருக்கவில்லை. பல வருடமாகத் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் ரகசியமாக ஆள் அனுப்பி, கம்பெனியோடு பேரம் நடத்திக்கொண்டிருந்தார். 1782லேயே ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார். கையில் காசில்லை, படையில்லை. பேரனுக்கு முன்னால் மகனுக்காக, மகனுக்கு முன்னால் வம்சத்துக்காக.

1799 ஜூனில் விஷயம் பழுத்தது. மைசூரைப் பங்கு போட உட்கார்ந்த கமிஷனுக்கு இரண்டு காரியதரிசிகள். அதில் ஒருவர் தாமஸ் மன்றோ. நம் பக்கத்து ஆள்தான். ஏழு வருடம் பாராமகாலில் கேப்டன் ரீடின் உதவியாளராக ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து வரி போட்டவர். அந்தக் கமிஷனுக்கு லட்சுமி அம்மண்ணியும் இன்னொரு ராணியான தேவாஜம்மண்ணியும் எழுதிய நன்றிக் கடிதம் சரித்திரத்தில் பிரசித்தம். நாற்பது வருடமாக எங்கள் ஆட்சி இல்லாமல் இருந்தது, இப்போது எங்கள் பையனுக்கு நாட்டைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அதில் வருகிறது. எங்கள் பையன்! ராஜா, இளவரசர், மகாபிரபு எதுவும் இல்லை.

ஜூன் 30ம் தேதி மைசூரில் பட்டாபிஷேகம். அரண்மனை இல்லாததால் பந்தல் போட்டு நடத்தினார்கள். திவானாகப் பூர்ணய்யா நாட்டைப் பார்த்துக்கொண்டார், பாட்டி பையனைப் பார்த்துக்கொண்டார். 1810ல் பாட்டி இறக்கும்போது பையனுக்கு 15 வயது. இதை ஒரு வெற்றிகரமான 'முதிய பெற்றோர்' கதை என்று தாராளமாகச் சொல்லலாம்.

பையன் பெரியவனாகி ஆண்டான். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், மக்கள் சொல்வது மும்மடி கிருஷ்ணராஜர். கலை, புத்தகம், சதுரங்கம் என்று ரசனையான ஆசாமி. புதுசு புதுசாகப் பலகை விளையாட்டுகளையே உருவாக்கியவர். நிர்வாகம் மட்டும் உதைத்தது. நகர் பகுதியில் விவசாயிகள் கலகம் செய்ய, 1831ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஆட்சியைப் பிடுங்கி பிரிட்டிஷ் கமிஷனர்களிடம் கொடுத்துவிட்டார். ராஜா அரண்மனையில், ராஜ்ஜியம் அவர்களிடம். திரும்பக் கொடுங்கள் என்று எழுதி எழுதிக் கையே ஓய்ந்துபோனது.

இதற்கிடையில் இன்னொரு பெரிய பிரச்னை. பட்டத்துக்கு உரிய மகன் யாரும் இல்லை.

அது டல்ஹௌசி காலம். சொந்த மகன் இல்லாத ராஜா இறந்தால், தத்துப்பிள்ளை சொத்துக்கு வாரிசாகலாம், நாட்டுக்கு ஆக முடியாது, நாடு கம்பெனிக்கு. 1848ல் சதாரா போனது. 1853ல் ஜான்சி ராஜா கங்காதர ராவ், சாவதற்கு முதல் நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தத்து எடுத்தார். செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். லட்சுமிபாய் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது உங்களுக்கே தெரியும். 1854ல் நாக்பூர். அடுத்து மைசூர் கிழவர் எப்போது கண்ணை மூடுவார் என்று காத்திருந்தார்கள். 1799 ஒப்பந்தத்தில் 'வாரிசுகள்' என்ற சொல்லே இல்லை, ஆகவே ராஜ்ஜியம் அவர் ஆயுள் மட்டுக்கும்தான் என்று வாதம். அதே ஒப்பந்தத்தில் சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதியிருந்தது. சூரியனையும் சந்திரனையும் ஆயுள் மட்டும் என்று படிக்கிற சாமர்த்தியம் வக்கீல்களுக்குத்தான் வரும்.

1857 கலகத்துக்குப் பிறகு பயந்துபோய் கொள்கையை மாற்றினார்கள். கானிங், சமஸ்தான ராஜாக்களுக்குத் தத்தெடுக்கும் உரிமைப் பத்திரங்களை வரிசையாகக் கொடுத்தார். மைசூருக்கு மட்டும் இல்லை.

கிழவர் பொறுத்துப் பார்த்தார். 1865 ஜூன் 18ம் தேதி, யார் அனுமதிக்கும் காத்திராமல் பெட்டதகோட்டைக் கிளையைச் சேர்ந்த ஒரு குழந்தையைச் சாஸ்திரப்படி மடியில் வாங்கிக்கொண்டார். தந்தைக்கு 71 நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பிள்ளை 1863 பிப்ரவரியில் பிறந்தவன். இரண்டு வயதும் சொச்சமும். பெயர் சாமராஜேந்திரன்.

நான் பி.காம். படித்தவன். இரண்டு எண்களைப் பார்த்தால் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது அப்பாவுக்கு 78. பதினெட்டாகும்போது 86. அந்தக் காலத்து ஆயுளுக்கு இது நடக்கிற காரியமா? நடக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு வேண்டியது வளர்ப்பதற்கு ஒரு குழந்தை இல்லை. தனக்குப் பின்னால் உட்கார ஒரு ஆள். அரசர்களைக் குறை சொல்வானேன்? பழைய தத்து சாஸ்திரமே அப்படித்தான். பிள்ளை இல்லாதவனுக்குப் பிண்டம் போட ஒருவன் வேண்டும், சொத்தைக் கட்டிக்காக்க ஒருவன் வேண்டும். ஆகவே ஆண் பிள்ளையைத்தான் சுவீகாரம் எடுக்க முடியும். பெண்ணைத் தத்தெடுப்பது அன்றைக்குத் தேவதாசிக் குடும்பங்கள் மாதிரி சில இடங்களில் மட்டும் இருந்த வழக்கம். எடுத்துக்கொள்கிறவரின் தேவைதான் கணக்கு. எடுக்கப்படுகிற குழந்தைக்கு அதில் வரவா, செலவா என்று யாரும் பேரேட்டைப் புரட்டவில்லை.

கல்கத்தாவில் தத்தை ஏற்க மறுத்தார்கள். லண்டனிலும் முதலில் அதே பதில். வேண்டுமானால் ராஜாவின் சொந்த நகைநட்டுகளுக்குப் பிள்ளை வாரிசாகட்டும் என்றார்கள். ராஜா விடவில்லை. அவருக்காக எவான்ஸ் பெல் என்ற வெள்ளைக்காரரே புத்தகம் போட்டு, இது அநியாயம் என்று வாதாடினார். விஷயம் பார்லிமென்ட் வரை போனது. கடைசியில் 1867 ஏப்ரலில் இந்தியா மந்திரி ஸ்டாஃபோர்டு நார்த்கோட் இறங்கி வந்தார். பிள்ளை ஒழுங்காக வளர்ந்து வயதுக்கு வந்தால் ராஜ்ஜியம் அவனுக்கே.

அடுத்த வருடம் மார்ச் 27ம் தேதி கிழவர் கண்ணை மூடினார். ஆக, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து இருந்தது மொத்தம் மூன்று வருடத்துக்கும் குறைவு. ஐந்தரை வயதில் சாமராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டினார்கள். கிட்டத்தட்ட அப்பாவுக்குப் பட்டம் கட்டிய வயது. ஒரு வித்தியாசம். அப்பாவுக்கு லட்சுமி அம்மண்ணி இருந்தார். பிள்ளைக்கு அரசாங்கம் கார்டியன் நியமித்தது. 1857 கலகத்தின் சரித்திரம் எழுதிய கர்னல் மாலிசன் அதில் ஒருவர். கூடப் படிக்க அரசு வம்சத்துப் பையன்களைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். அரண்மனைக் கணக்கு வழக்கைச் சரிசெய்ய வந்தவர் செங்கல்பட்டு ஜில்லாக்காரரான ரங்காச்சார்லு. 1881 மார்ச் 25ல், 18 வயதில், ராஜ்ஜியம் சாமராஜேந்திரன் கைக்கு வந்தது. ரங்காச்சார்லு திவான். அந்த வருடமே பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார்கள். இந்திய சமஸ்தானங்களில் அப்படி ஒன்று அதற்கு முன்னால் கிடையாது. விவேகானந்தருக்கு உதவிய மகாராஜா இவர்தான். 1894 டிசம்பரில் கல்கத்தா போன இடத்தில் தொண்டை அடைப்பான் நோய் வந்து இறந்தார். வயது 31.

நல்ல ராஜாதான். ஆனாலும் அந்த ஐந்து வயதுப் பையனை நினைத்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. இரண்டு வயதில் ஒரு வீடு, ஐந்து வயதில் அந்த வீட்டுத் தலைவரும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது ஒரு நாடு. அவன் கேட்கவில்லை.

சரி, இந்தப் பக்கம் வருவோம். நூறு வருடத்துக்குப் பிறகு, எல்லைக்கு இந்தப் பக்கம், தலைகீழான இன்னொரு கதை நடந்தது. அங்கே வாரிசு வேண்டும் என்று பிள்ளையைத் தேடினார்கள். இங்கே பிள்ளைகளை வேண்டாம் என்றார்கள். பெண் பிள்ளைகளை.

1991 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மிச்சம் எங்கே போனார்கள் என்று அந்த ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். கள்ளிப்பால், நெல்மணி என்று பத்திரிகைகளில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தோம். 1992ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், எங்கள் தொட்டிலில் போட்டுவிடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம் என்பதுதான் திட்டம். 2001ல் தர்மபுரி உட்பட வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004ல்.

பெற்றவர்கள் பொறுப்பைக் கழற்றிவிட அரசே வழிகாட்டுகிறது என்று அப்போது பலர் திட்டினார்கள். அதில் நியாயம் உண்டு. பெண்ணை வேண்டாம் என்கிற மனசைத் தொட்டில் மாற்றாது. ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தையிடம் போய் அந்த வாதத்தைச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தைகள் அரசு அங்கீகாரம் பெற்ற இல்லங்களுக்குப் போய், அங்கிருந்து பிள்ளை இல்லாத தம்பதிகளுக்குத் தத்துப் போனார்கள். சாஸ்திரம் தத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய பெண் குழந்தைகள்! 1956 இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண்ணையும் தத்தெடுக்கலாம் என்று சொன்னதும் ஒரு கதவு திறந்தது. ஆனால் அந்தச் சட்டம் இந்துக்கள், சீக்கியர், சமணர், பௌத்தர்களுக்குத்தான். முஸ்லிம், கிறிஸ்தவத் தம்பதிகள் 1890ம் வருடத்து கார்டியன் சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம், அப்பா அம்மா ஆக முடியாது. இளைஞர் நீதிச் சட்டம் 2000ல் வந்து, 2006ல் திருத்தப்பட்ட பிறகுதான் எல்லா மதத்தினருக்கும் பாதை தெளிவானது.

மும்மடி கிருஷ்ணராஜரை இப்போது மறுபடி கூப்பிடுகிறேன். அவர் இன்றைக்கு இரண்டு வயதுக் குழந்தைக்கு விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும்? முதல் ரவுண்டிலேயே அவுட். 1956 சட்டத்தில் தத்தெடுப்பவருக்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் 21 வயது வித்தியாசம் வேண்டும், அவ்வளவே. ஆனால் அரசு இல்லத்துக் குழந்தையை எடுக்க மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் விதிகளுக்குள் வர வேண்டும். அங்கே கணக்கு வேறு. கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டுகிறார்கள். 2022 விதிப்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90. நான்கிலிருந்து எட்டுக்கு 100. எட்டுக்கு மேல் பதினெட்டு வரை 110. தனி ஆளாக எடுத்தால் இதே வரிசையில் 40, 45, 50, 55. (தனி ஆண், பெண் குழந்தையை எடுக்க முடியாது.) குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி. சொந்தக்காரர் பிள்ளையை எடுத்தால் இந்த வரம்பு பொருந்தாது.

இந்தக் கூட்டல் கணக்கு ஓசூர்க்காரர்களை ஏன் கடிக்கிறது என்று சொல்கிறேன். 1970களில் சிப்காட் வந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். எங்கெங்கோ இருந்து வந்து ஷிஃப்ட் பார்த்து, வீட்டு லோன் கட்டி, முப்பதைத் தாண்டிக் கல்யாணம். அப்புறம் பெங்களூரில் ஒரு டாக்டர், சேலத்தில் ஒரு டாக்டர், டெஸ்ட் டியூப் முயற்சி இரண்டு மூன்று தடவை. அதற்குள் அவருக்கு 46, அந்த அம்மாவுக்கு 42. கூட்டினால் 88. அப்போதுதான் 'தத்து எடுக்கலாமா' என்ற பேச்சே வீட்டில் வரும். கைக்குழந்தை என்கிற கதவு சாத்தியாகிவிட்டது. மூன்று வயதுக் குழந்தைக்கு இடமிருக்கிறது, அதுவும் இன்னும் ஒரு வருடத்துக்குத்தான். ஒரு வருடத்தில் இரண்டு பேர் வயதும் ஏறும், கூட்டுத்தொகை இரண்டாக ஏறும்!

இது அநியாயம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஐம்பது வயதில் சொந்தமாகப் பெற்றால் யாரும் கேட்பதில்லை, தத்துக்கு மட்டும் ஏன்? நியாயமான கேள்வி. என் கட்சி என்னவென்றால், சட்டம் இங்கே குழந்தையின் பக்கம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறது. ஒருமுறை பெற்றோரை இழந்த குழந்தை அது. இன்னொரு முறை சீக்கிரம் இழக்கக் கூடாது. சாமராஜேந்திரனுக்காக 1865ல் எவரும் எழுதாத அந்தப் பேரேடுதான் இது. அதே சமயம் சட்டம் வயதானவர்களைத் துரத்தவும் இல்லை. உங்கள் வயதுக்கு ஏற்ற குழந்தையைப் பாருங்கள் என்கிறது. ஏழு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தொட்டில் குழந்தைதான் வேண்டும். பெரிய பிள்ளைக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்கும், ஒட்டாது என்று பயம். ஞாபகம் இருக்கும்தான். சோற்றை ஒளித்து வைக்கும், ராத்திரி அழும், 'நீ என் அம்மா இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லும். இதைத் தாங்குகிற பொறுமை 28 வயதுக்கு அதிகமா, 48 வயதுக்கு அதிகமா என்று கேட்டால், என் ஓட்டு இரண்டாவதற்கு. லட்சுமி அம்மண்ணி சாட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வரிசை நீளம், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றதும், 'ஆஸ்பத்திரியிலேயே முடித்துத் தருகிறேன், பிறப்புச் சான்றிதழ் உங்கள் பெயரிலேயே' என்று ஒரு ஆள் வருவார். 2019ல் ராசிபுரத்தில் வெடித்தது அந்த வியாபாரம்தான். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் சம்பந்தப்பட்டால் மூன்றிலிருந்து ஏழு வருடம். குழந்தையையும் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். அது உங்களை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு.

நேர் வழி ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. காராவின் இணையதளத்தில் பதிவு. உதவிக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் அனுப்புவார்கள். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ஹைதர் மாதிரி கூடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துப் பொறுக்குவதெல்லாம் கிடையாது. முன்பு கோர்ட் கொடுத்த தத்து உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே கொடுக்கிறார். தனி ஆளாக எடுப்பவரிடம் இன்னொரு காகிதமும் கேட்பார்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் ஒருவர் எழுதித் தரும் உறுதிமொழி. தம்பதிகளிடம் இந்தக் காகிதம் கேட்பதில்லை. ஆனால் கூட்டுத்தொகை 90ஐத் தாண்டியவர்கள், கேட்காவிட்டாலும் தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்துப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வயதைக் குறைத்து மட்டும் போடாதீர்கள். சான்றிதழ் கேட்பார்கள்.